மலைக்குக் கட்டிய மூட்டை

சித்தப்பாவைத் தேடி அப்பா மலையேற மூட்டை கட்டிய நாளில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்தால், அது என்ன காரணம் என்று விசாரிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தப் பழக்கம் முற்றித்தான் எட்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்டேன்.

சித்தப்பா மலைமேல் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார். பஸ் சுற்றிக்கொண்டு வரும் என்பதால் சனிக்கிழமைதோறும் ஒற்றையடிப் பாதையில் கன்னிவாடிப் பக்கம் நடந்தே இறங்கிவிடுவார். அந்தச் சனிக்கிழமை மலையில் பேய்மழை. அவர் வரவில்லை. போனைப் போட்டால் தொடர்பு இல்லை என்றது. மலையில் அது எப்போதும் அப்படித்தான் சொல்லும் என்று இரண்டு நாள் யாரும் பயப்படவில்லை. அப்புறம் பத்துப் பேர் போய்ப் பாதையோரமாகத் தேடிவிட்டு இறங்கினார்கள். ஆறாம் நாள் அப்பா தானே கிளம்பினார். துணைக்கு இரண்டு பேர்: மலையடியில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர். மூன்று ராத்திரி காட்டுக்குள்ளேயே படுத்து எழுந்து தேடுவதாக ஏற்பாடு.

எங்கள் நடுவீடு கடை மாதிரி ஆகிவிட்டது. கடலை காயப்போடும் நீலத் தார்ப்பாயை உதறி மடித்தார்கள். அதுதான் கூடாரமாம். உரச்சாக்கில் கயிறு கோத்து முதுகில் மாட்டுகிற பைகள் தயாராயின. அரிசி, அவல், புளிச்சோறு, ஊறுகாய், ஒரு அலுமினியச் சட்டி. தீப்பெட்டிகளைப் பாலிதீன் பையில் சுற்றி, நனையாமலிருக்க மெழுகு உருக்கி ஒட்டினார் அப்பா. ஆட்டுக்காரர் உப்பையும் புகையிலையையும் துணியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அட்டை ஏறினால் காலில் தேய்க்க.

“புகையிலை மட்டும் குடுத்தா அட்டை கோச்சுக்காதா? வெத்தலை பாக்கு வேணாமா?” என்றேன்.

“ஏலே, ஒன்னைய முன்னால நடக்க விட்டா அம்புட்டு அட்டையும் பேச்சுக் கேட்டே செத்துரும்டா” என்றார் அவர். அன்றைக்கு வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

சித்தி ஒரு மூலையில் தனியாக ஒரு பை கட்டினாள். சித்தப்பாவின் கட்டம்போட்ட சட்டை, கைலி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, குளுக்கோஸ் பொட்டலம்.

“எங்கயாச்சும் கால் சுளுக்கி உக்காந்திருப்பாரு, மாமா. ஆறு நாளு பட்டினி. கண்டதும் சோறு குடுத்துறாதீங்க, மொதல்ல இதக் கரைச்சுக் குடுங்க” என்றாள். சித்தி என் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“சரி தாயி” என்றார் அப்பா, தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே.

பெரியவர்கள் காப்பி குடிக்கப் பின்பக்கம் போன செத்த நேரத்தில் நான் மூட்டைகளைக் குடைந்தேன். கடலை மிட்டாய் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அப்பாவின் சாக்கில், அரிசிக்கு அடியில், ஒரு ஜவுளிக்கடைப் பை கிடந்தது. உள்ளே மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, கற்பூரம், ஊதுபத்திக் கட்டு, ஒரு பாட்டில் பன்னீர். கல்யாண வீட்டு வாசலில் தெளிப்பார்களே, அதே பன்னீர். மலையில் யாருக்கோ கல்யாணம், அதை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

வேட்டியை அக்குள் வரை சுற்றிக்கொண்டு, மூடியைத் திறந்து, பின்வாசலில் போய் நின்றேன். முதலில் வந்தது சித்தி.

“வாங்க வாங்க, பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” என்று அவள் முகத்தில் பன்னீரைத் தெளித்தேன்.

சித்தி முகத்தைத் துடைக்கவில்லை. வேட்டியைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வந்த அப்பாவின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காப்பி காலில் கொட்டியது. மறுநிமிடம் என் கன்னத்தில் அறை விழுந்தது. இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையைச் சித்தி பிடித்துக்கொண்டாள்.

“இத எப்ப வாங்குனீங்க, மாமா?”

அப்பா குனிந்து காலில் கொட்டிய காப்பியைத் துடைத்தார். அம்மா, “அழாத புள்ள, அழாத” என்றாள். சித்தி அழவே இல்லை. அழுதுகொண்டிருந்தது அம்மாதான்.

ஆட்டுக்காரர்தான் சொன்னார். “முந்தாநாளு ஓடையில ஒத்தச் செருப்பு கெடந்துச்சும்மா. மேல பாறைச் சந்துல… வாடை வந்துச்சு. கிட்டப் போக முடியல, வெள்ளம். சாடையா அண்ணங்கிட்ட மட்டும் சொன்னேன்.”

“ஆளப் பாக்காம எப்புடிச் சொல்றது தாயி? ஏதாச்சும் மானா இருக்கக் கூடாதான்னுதான்…” என்றார் அப்பா.

சித்தி என் மேலிருந்த வேட்டியை அவிழ்த்தாள். தரையில் விரித்து, பழைய மடிப்பு பார்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தாள். பன்னீர் பாட்டிலைத் தேடி எடுத்து இறுக்கி மூடினாள். இரண்டையும் சாக்கின் அடியில் வைக்கவில்லை. அரிசிக்கு மேலேயே வைத்தாள். பிறகு நின்றிருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“மூணு பேரு பத்தாது, மாமா. தூக்கியார நாலு பேரு வேணும்.”

எனக்குக் கன்னம் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் பேச்சு புரிந்துவிட்டது என்று நினைத்தேன். சித்தப்பா ஆள் கனம். கால் வேறு சுளுக்கு. ஆளுக்கு ஒரு கையோ காலோ பிடித்தால்தான் இறக்க முடியும்.

“நான் வாரேன் சித்தி! நாலாவது ஆளு நான்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. சித்தி பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தாள். அங்கிருந்து அப்பாவின் தோள் வரைக்கும் கண்ணால் அளந்தாள்.

“ஒனக்கு உசரம் பத்தாது அப்பு.”

நாலு தோளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. என்னைக் குள்ளன் என்கிறாள் என்று ரோஷம் வந்துவிட்டது. குதிகாலைத் தூக்கி, எட்டினமட்டும் எக்கி நின்று, “இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க” என்று காட்டிக்கொண்டே இருந்தேன்.