ஜன்னலில் இருக்கும் புத்தகங்கள்

'ஆப் திறக்கவில்லை', 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று நூலக வாட்ஸ்அப் குழுவில் வழக்கம்போல் வந்துகொண்டிருந்த புகார்களுக்கு நடுவே அந்தச் செய்தியும் வந்தது. தொண்டூர் தனலட்சுமி அக்கா காலமாகிவிட்டார். மாரடைப்பு. இன்னொரு புகார் என்று நினைத்து முதலில் தள்ளிவிட்டுப் போனேன். செயலி, செயலி என்று அலைந்து சலித்த கண் அப்படித்தான் ஆகிவிட்டது.

செஞ்சியில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக வளாக நூலகத்தில் அக்கா ஒப்பந்த உதவியாளர். புத்தகங்களை அடுக்குவது அவர் வேலை. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கைப்பேசியிலேயே காட்டும் செயலியை உருவாக்குவது என் வேலை. சோதனை ஓட்டத்தன்று, செயலி சொன்ன இடத்தில் பன்னிரண்டு புத்தகங்கள் இல்லை. பிழை என்னுடையது இல்லை என்று காட்டுகிற அவசரத்தில், 'காணவில்லை' என்று பட்டியல் போட்டு மேலே அனுப்பிவிட்டேன். இரண்டே நாளில் அக்காவுக்கு மெமோ வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது.

மெமோவைப் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"இன்னா சார், ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? புக்கு எங்கியும் போவல. வாங்க, காட்டறேன்."

வாசலை ஒட்டிய ஜன்னல் திட்டில் பன்னிரண்டும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச் சீட்டு.

"கிளாஸு விடறது நாலேகாலு. அவலூர்பேட்ட பஸ்ஸு நாலரைக்கு. அதுங்க உள்ள வந்து புக்கு தேடுமா, பஸ்ஸப் புடிக்குமா? காலைலயே சீட்டு குடுத்துடும். நான் எடுத்து வெச்சிடுவேன். ஓடற ஓட்டத்துல எடுத்துக்கினு போவும்."

தவறு என்னுடையது என்று கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னேன். "லெட்டரு இன்னாத்துக்கு? ஜன்னலையும் உங்க ஆப்புல ஒரு அலமாரியா போட்டுடுங்க. அப்போ காணாம போவாதுல்ல?" என்றார். போட்டேன். மறு பட்டியலில் எல்லாம் இருந்தன; ஒப்பந்தமும் நீண்டது. அதற்கு அக்கா எனக்கு நன்றி சொன்னார். நான்தான் மன்னிப்புக் கேட்கவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் வேலை இருந்தது, அப்புறம் அப்படியே விட்டுப்போயிற்று.

அவரோடு பழகியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். செயலி முடங்கும் நாட்களில் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தால், "டென்ஷன் ஆவாதீங்க சார், ஜன்னலுக்கு கரண்ட்டு வேணாம்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஜன்னலிலிருந்து புத்தகங்கள் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

போன வாரம் புதிய பதிப்புக்கான குறிப்பு மேலிருந்து வந்தது. 'ஜன்னல்' என்ற இடத்துக்குப் பொறுப்பாளர் இல்லை, நீக்கிவிடலாம் என்று அதில் இருந்தது. நீக்கப் போனவன் நிறுத்தினேன். அன்று காலை செயலி வழியாகப் புத்தகம் கேட்ட மாணவர்களில் நான்கு பேர் ஜன்னலில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். எழுந்து போய் நானே தேடி எடுத்து, பெயர்ச் சீட்டு செருகி வைத்தேன்.

நாலேகாலுக்கு ஒரு மாணவி ஓடிவந்தாள். தன் பெயரைப் பார்த்துப் புத்தகத்தை உருவிக்கொண்டு, நிமிராமலேயே "தேங்க்ஸுக்கா" என்று சொல்லிப் படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"பஸ்ஸு போய்டும், ஓடும்மா" என்றேன்.

குறிப்புக்குப் பதில் எழுதிவிட்டேன்: ஜன்னலுக்குப் பொறுப்பாளர் நான்.

அக்கா, மன்னிச்சிடுங்க.