கண்மாய்ப் பாட்டின் இரண்டாம் சரணம்

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக் கூடாது. கம்பளத்தைத் தொங்கவிட்டுத் தூசி தட்டக் கூடாது. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை பிள்ளைகள் முற்றத்தில் பந்து உதைக்கக் கூடாது. ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் நான்கு மாடி வீட்டின் படிக்கட்டுச் சுவரில் இதையெல்லாம் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பாட்டுக்கென்று அதில் தனியாக ஒரு சொல் இருக்கிறது: சிம்மர்லௌட்ஷ்டெர்க்க. அறையளவுச் சத்தம் என்று பொருள். பாட்டு, அது கேட்கப்படும் அறையின் சுவரைத் தாண்டிப் போகக் கூடாதாம். என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இத்தாலிக்காரன் இதை விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். காரைக்குடியில் ஒரு பாட்டு மூன்று தெருவைத் தாண்டாவிட்டால், மைக்செட்காரனை அடுத்த விசேஷத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சட்டம் தெரிந்திருந்தும் ஒரு ஞாயிறு மதியம் தப்புச் செய்தேன். ஊரிலிருந்து என் நண்பன் அடைக்கலம் அனுப்பிய கேசட் முந்தின நாள்தான் கைக்குக் கிடைத்திருந்தது. மெதுவாகத்தான் வைத்தேன். மாண்டலின் இழைய இழைய என் கை என்னையறியாமல் குமிழைத் திருகியிருக்க வேண்டும். கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு அம்மாள் ஃப்ராவ் ஹெக்கர் நின்றார். டிராமில் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று உயரம், சிரிக்காத முகம். ஒரு விரலை உயர்த்தி, "நோ அமோல்!" என்றார். எனக்குத் தெரிந்தது தொழிற்சாலை ஜெர்மன். இந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கு பிடிபடாது. 'நோ' மட்டும் நன்றாகக் கேட்டது. "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று ஜெர்மனில் இரண்டு முறை சொல்லிக் கேசட்டை நிறுத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பின் மூன்று வாரம் பெட்டியைத் தொடவில்லை.

அந்தக் கேசட்டில் இருந்தது மின்மினி இசைக்குழு. காரைக்குடியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மைலுக்கு வெளியே யாருக்கும் அந்தப் பேர் தெரிந்திருக்காது. அறுபதுகளின் கடைசியில் ஐந்து பேர் சேர்ந்து நடத்தினார்கள். தலைவர் முத்துக்கருப்பன், நகை செய்கிற பத்தர். பகலெல்லாம் குறடும் சாமணமும் பிடித்த விரல்கள் மாலையில் மாண்டலினைப் பிடிக்கும். பாடுகிறவர் பாக்கியம் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டதும் தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வருவார். கல்யாணம், திருவிழா, பள்ளிக்கூட ஆண்டுவிழா எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள், அதைத்தான் பாடினார்கள். ஆனால் நடுவில், யாரும் கேட்காமலே, பத்தர் சொந்தமாகக் கட்டிய பாட்டு ஒன்றோ இரண்டோ வரும். ஜனங்கள் அப்போது எழுந்து கடலை வாங்கப் போவார்கள். நாங்கள் சிலர் அப்போதுதான் முன்னால் போய் உட்காருவோம்.

நாங்கள் என்றால் முக்கியமாக மூன்று பேர். நான் பிள்ளையார்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். காரைக்குடியில் தொழிற்கல்வி படித்துவிட்டு ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். அடைக்கலம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான், மைக்செட்டும் வாடகைக்கு விடுவான். மூன்றாவது விசாலாட்சி ஆச்சி. ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைக்க வேண்டாம். செட்டியார் வீட்டுப் பெண்களை நாங்கள் மரியாதையாக அழைக்கிற முறை அது. அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கணவர் மலேயாவில். அவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஸ்பூல் டேப்ரிக்கார்டர்தான் ஊரில் எங்களுக்குத் தெரிந்து இருந்த ஒரே மிஷின். கூட்டத்தில் வந்து உட்கார்ந்து கச்சேரி கேட்க அவருக்கு வீட்டில் அனுமதியில்லை. ஆனால் மேல்மாடிச் சன்னலைத் திறந்து வைக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் ரேடியோ பழுதுபார்க்கப் போன அடைக்கலத்திடம் அவர் மெதுவாகக் கேட்டாராம். "அடைக்கலம், திருவிழாக் கச்சேரிக்கு நீதான மைக்செட்டு? ஒரு குழாய இங்குட்டுத் திருப்பிக் கட்டுவியா?"

"எம்புட்டுத் தூரம் திருப்பணும் ஆச்சி?"

"எங்க மாடிச் சன்னலுக்குள்ள பாட்டு வந்து விழுகணும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு விழாவிலும் ஒரு குழாய் ஒலிபெருக்கி மட்டும் கூட்டத்துக்குப் புறமுதுகு காட்டி, ஆச்சி வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியூர்க் கச்சேரிகளுக்கு மிஷினையே எங்களிடம் நம்பிக் கொடுத்தனுப்புவார். கோவிலூர் வரைக்கும் சைக்கிள் கேரியரில் வைத்து, பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோவேன். டேப் கிடைப்பது அரிது. அதனால் சினிமாப் பாட்டு தொடங்கினால் நிறுத்திவிடுவோம், சொந்தப் பாட்டுக்கு மட்டும் ஓடவிடுவோம். யார் கேட்டாலும் போட்டுக்காட்ட வேண்டும், யாருக்கும் விற்கக் கூடாது என்பது ஆச்சி வைத்த சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குள் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே பாட்டின் நான்கு பதிவுகளைக் கேட்டு எது உசத்தி என்று தொண்டை வறளச் சண்டை போடுவோம்.

கண்மாய்ப் பாட்டு பிறந்தது கொப்புடையம்மன் திருவிழாவில். "கண்மா நெறஞ்சிருச்சு, கரையெல்லாம் நண்டோடுது" என்று தொடங்கும் துள்ளலான பாட்டு. முதல் சரணம் முடிந்து மாண்டலின் தனியாக எழும்புகிற இடத்தில், பத்தரின் மேல்தந்தி பட்டென்று அறுந்தது. வேறொருவராக இருந்தால் நிறுத்தியிருப்பார். அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். மிச்சமிருந்த தந்திகளில் இறங்கி, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு வழியில் போனார். பாக்கியம் டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாம் சரணத்தை அந்தப் புது மெட்டிலேயே எடுத்தார். கடலை வாங்கப் போனவர்கள் திரும்பி நின்றார்கள். கச்சேரி முடிந்ததும் பத்தர் எங்களிடம் ஓடிவந்தார். "ஏப்பா, இப்ப நான் என்னத்த வாசிச்சேன்?" அவருக்கே தெரியவில்லை. அடுத்த கச்சேரியில் முயன்றார், வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. அது ஆச்சியின் டேப்பில் மட்டுமே இருந்தது.

எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, அடைக்கலம் இன்னொரு மிஷினை எங்கிருந்தோ இரவல் வாங்கி ஒரு பிரதி எடுத்து, என் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே சொருகினான். "அங்குட்டுப் போயி இதத்தான் மொதல்ல கேக்கணும்" என்றான். நான் போய்க் கேட்கவில்லை. கேட்க என்னிடம் ஸ்பூல் மிஷின் இல்லை. சம்பாதித்து வாங்கியது கேசட் பெட்டி. அதற்குள் ஊரில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. பாட்டை இசைத்தட்டாகக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையில், ஆச்சியின் டேப்பை எடுத்துக்கொண்டு பத்தரும் அடைக்கலமும் சென்னைக்குப் போனார்கள். ஒரு கம்பெனியில் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று வாங்கி வைத்தார்கள். பதிலும் வரவில்லை, டேப்பும் வரவில்லை. மூன்று முறை போய்க் கேட்டும், அப்படியொரு டேப் வந்ததாகவே யாருக்கும் நினைவில்லையாம்.

இது எனக்குத் தெரியவந்தது, ஃப்ராவ் ஹெக்கருக்குப் பயந்து நான் மௌனவிரதம் இருந்த அந்த மூன்றாவது வாரத்தில். அடைக்கலத்தின் நீலக் கடிதம் வந்தது. 'சேது, வைகாசியில் பத்தரண்ணன் மகளுக்குக் கல்யாணம். மாலையில் மின்மினி கச்சேரி. அன்றைக்குக் கண்மாய்ப் பாட்டை அந்த மெட்டில் வாசிக்க வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறார். உன்னிடம் இருப்பதுதான் மிச்சம். எப்படியாவது கேசட்டில் ஏற்றி அனுப்பு.' கடிதத்தைப் படித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஐந்து வருடமாகக் கிடந்த டேப்பின் ஓரங்கள் சுருண்டிருந்தன. மூக்கருகே கொண்டுபோனால் வினிகர் வாடை.

மறுநாள் படிக்கட்டில் ஃப்ராவ் ஹெக்கர் என்னை வழிமறித்தார். காதைத் தொட்டுக்காட்டி, "மியூசிக்? கபுட்?" என்றார். கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார். இல்லை, நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று நான் திக்கித் திக்கிச் சொன்னதும், அவர் முகம் கோணியது. கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பால்காரர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்காட்டினார்: நோஃக் ஐன்மால். இன்னொரு முறை! அவர் அன்றைக்குக் கதவைத் தட்டியது நிறுத்தச் சொல்ல அல்ல, திரும்பப் போடச் சொல்ல. இருவரும் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்தபோது அவருக்குப் பத்து வயது குறைந்தது.

அந்தத் தைரியத்தில் டேப்பைக் காட்டினேன். அவர் உடனே என்னைத் தன் வீட்டுக்குள் அழைத்துப்போனார். ஒரு சுவர் முழுக்க ஸ்பூல் டேப்கள்! அவர் பாடுகிற சர்ச் சேர்ந்திசைக் குழுவின் ஒத்திகைகளை இருபது வருடமாகப் பதிந்து வைத்திருக்கிறார். கச்சேரியை எல்லோரும் பதிவார்கள், ஒத்திகையை நான் மட்டும்தான், என்று மார்பைத் தட்டிக்கொண்டார். ஆச்சியின் மாடியறை என் கண்முன் வந்தது. உலகத்தில் இவர்களெல்லாம் ஒரே சாதி என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு மதியம் அவருடைய மிஷினில் டேப்பை ஏற்றினோம். நாடா முறுக்கிக்கொள்ளாதபடி அவர் விரல் நுனியால் தாங்கிப்பிடித்தார். இரண்டு பெட்டிகளையும் இணைக்கிற வயர் இல்லாததால், என் கேசட் பெட்டியின் சின்ன மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்தேன். வெயில் வந்த நாளென்று சன்னல் திறந்திருந்தது. சத்தம் போதாதென்று ஃப்ராவ் ஹெக்கரே குமிழை முழுக்கத் திருகினார். பாக்கியம் டீச்சரின் குரல் அந்த நிசப்தமான முற்றத்தில் தெறித்து எழும்பியது. முதல் சரணம். தந்தி அறுகிற பட் ஓசை. பத்தர் கீழ்த்தந்திகளில் இறங்கி, சுற்றி, ஏறி வந்து, ஒரு அழகான முத்தாய்ப்பு வைத்த அதே நொடியில், கீழ்வீட்டுக்காரர் சன்னலிலிருந்து கத்தினார்: "ரூகே!" சத்தம் போடாதே என்று அர்த்தம். நான் மறுகையைக் குமிழுக்கு நீட்டினேன். ஃப்ராவ் ஹெக்கர் அசையவில்லை. உதட்டில் விரல் வைத்து, ஓடட்டும் என்று ஜாடை காட்டினார். பாட்டு கடைசி வரை ஓடியது.

அந்தக் கத்தல் இல்லாமல் இன்னொரு முறை எடுக்கலாம் என்று டேப்பைத் திருப்பிச் சுற்றினோம். பழுப்புத் தூள் உதிர்ந்தது. ஒரு இடத்தில் அறுந்தது, ஒட்டினோம். பிறகு நான்கு இடத்தில் அறுந்தது. ஃப்ராவ் ஹெக்கர் மிஷினை நிறுத்திவிட்டு என் தோளில் கை வைத்தார். இருக்கிற கேசட்டையே தபாலில் அனுப்பினேன். கத்தலுக்கு ஒரு வார்த்தை மன்னிப்பு எழுதக்கூட அவசரத்தில் மறந்துபோனேன்.

பதில் சீக்கிரமே வந்தது. பத்தர் கேசட்டைக் கேட்டுவிட்டுப் பட்டறையைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லையாம். வந்தபோது மெட்டு கைக்குள் வந்திருந்ததாம். ஆச்சி கேட்டுவிட்டு அழுது சிரித்து, கடைக்கு ஒரு தூக்குவாளி பணியாரம் கொடுத்தனுப்பினாராம். கடைசியில் அடைக்கலம் எழுதியிருந்தான்: 'முத்தாய்ப்பு முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரர் 'ரூகே' என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்கிறாரே, அது ஜெர்மனில் பலே, சபாஷ் மாதிரியா? சரியான இடம் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவர் பெரிய ரசிகராக இருக்க வேண்டும். அண்ணனுக்கு அதில்தான் ரொம்பப் பெருமை.'

உண்மையை எழுதப் பேனாவை எடுத்தேன். பத்தரின் முகம் நினைவுக்கு வந்தது. 'ஆமாம்' என்று மட்டும் எழுதினேன்.

கல்யாணத்துக்குப் போக எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் ஆடி பிறப்பதற்குள் கச்சேரியின் கேசட் வந்துசேர்ந்தது. நானும் ஃப்ராவ் ஹெக்கரும் அவர் சமையலறை மேசையில் வைத்துக் கேட்டோம். பந்தி வைக்கிற இரைச்சல், "சாம்பாரு இங்குட்டு வரலைப்பா" என்று ஒரு குரல், அதற்குமேல் பாக்கியம் டீச்சர். மாண்டலின் இந்தமுறை தந்தி அறாமல், வேண்டுமென்றே, அந்த வழியில் இறங்கியது. சுற்றியது, ஏறியது, முத்தாய்ப்பு. உடனே நூறு பேர், இருநூறு பேர் ஒரே குரலில் கூவினார்கள்: "ரூகே! ரூகே!" விசில் பறந்தது. ஃப்ராவ் ஹெக்கர் திகைத்துப்போய், இத்தனை பேர் ஏன் சத்தம் போடாதே என்று சத்தம் போடுகிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் செலவழித்து விளக்கினேன். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, விரலை உயர்த்தி, "நோ அமோல்" என்றார்.

ஊரில் இப்போது மின்மினி எங்கே வாசித்தாலும், நல்ல இடம் வந்தால் ரூகே என்று கூவுகிறார்களாம். பிள்ளைகள் பம்பரம் நன்றாகச் சுற்றினால்கூட அதைத்தான் சொல்கிறார்களாம். இங்கே கீழ்வீட்டுக்காரர் மாறவில்லை. கொஞ்சம் சத்தம் கூடினால் சன்னலைத் திறந்து அதே சொல்லை அதே குரலில் கத்துகிறார். கத்தியதும் என் கை ஒழுங்காகக் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைக்கிறது. தலை மட்டும், மேடையில் நிற்கிற பாடகன் கூட்டத்துக்கு வணங்குகிற மாதிரி, தன்பாட்டுக்குத் தாழ்ந்து கும்பிட்டுவிட்டு நிமிர்கிறது.