கோப்பாய்க் கிணறும் ரீச்சரின் ஸ்கூட்டரும்

கோப்பாயில் என் கராஜ் சுவரில் நானே பெயின்ற் அடித்த பலகை ஒன்று தொங்குகிறது: 'எஞ்சின் சூடேறினால் பதறாதீர்கள்.' இருபத்தைந்து வருடமாக மோட்டார் சைக்கிள் திருத்துகிறவனுக்கு அதை எழுதத் தெரிந்தது. கடைப்பிடிக்கத் தெரியாது என்பது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கே தெரியும்.

1. உத்தரவாதம்

ஞானம் ரீச்சர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறவ. தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவ. அவவின் ஸ்கூட்டர் றேடியேற்றர் வைத்தது. எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர்தான் அதன் சூட்டை எடுக்கவேண்டும். அந்த மாதம் இரண்டு தரம் கொதித்துவிட்டது. முதல் தரம் வெயிலில் பழி போட்டேன். இரண்டாம் தரம் கோப்பாய்ச் செம்மண்ணில். உண்மையாகவே றேடியேற்றர் தகட்டு இடுக்கெல்லாம் சேறு காய்ந்து செங்கல்லாகியிருந்தது. கழுவி, தண்ணீர் நிரப்பி அனுப்பினேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ரீச்சர் வந்து நின்றா. வெள்ளைச் சேலை, கையில் பாட்டுப் புத்தகம்.

"மணியம், நாலு மணிக்குக் கலியாணம். வாசிக்க என்னை விட்டா ஆளில்லை. நான் போகாட்டிக் கலியாணப் பொம்பிளை வாசல்லதான் நிக்கவேணும். இது கொதிக்காதெண்டு சொல்லுறீரோ?"

"கொதிச்சா என்ரை மீசையை எடுக்கிறன், ரீச்சர்."

ரீச்சர் மீசையை ஒருக்கால் பார்த்தா. "உம்மடை மீசையில ஏறி நான் கோயிலுக்குப் போகேலாது. பின்னால ஏறும். கொதிச்சா நீர் தள்ளும், நான் ஓட்டோ பிடிக்கிறன்."

ஓயில் பிரண்ட சேட்டோடு ஏறினேன். சேலையில் படாமல் இருக்கப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, காயப்போட்ட துணிபோலத் தொங்கினேன்.

2. சந்தையடி

பலாலி வீதியில் ஏறும்வரை சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. சந்தையடியில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஊரத் தொடங்கியதும் அதுவும் ஊர்ந்து மேலே போனது.

"மணியம், முள் ஏறுது."

"ஏறும் ரீச்சர். பிறகு இறங்கும்."

முள் இறங்கவில்லை. நான்தான் இறங்கினேன், ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே. என் ஒரு செருப்பு கழன்று வீதியோடு போனது. முன்பக்கத்தால் ஆவி சீறியது. "தள்ளி நில்லுங்கோ, வெடிக்கப்போகுது" என்று கத்தினேன். கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு கத்தரிக்காயை எடுத்தார்.

கீரைக்காரியின் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும் என்று எத்தனையோ பேரை ஏசியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஞாபகம் கழன்ற செருப்போடு போயிருக்கவேண்டும்.

"அண்ணை, வாளியை வையுங்கோ. கீரை வாடுது" என்றாள் அவள்.

வைத்துவிட்டு றேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனேன். பாட்டுப் புத்தகத்தால் கையில் ஒரு அடி விழுந்தது.

"கையை எடும். ஆவி முகத்தில அடிச்சா மீசை தானாப் போகும்." ரீச்சர் அதற்குள் எஞ்சினை நிற்பாட்டியிருந்தா. "இதுக்குள்ள என்ன விட்டனீர்?"

"எங்கடை கிணத்துத் தண்ணி, ரீச்சர். தேன்மாதிரி."

"எவ்வளவு காலமா?"

"நீங்கள் வாங்கின நாள்தொட்டு."

ரீச்சர் கைகாட்டி ஒரு ஓட்டோவை மறித்தா. "வீட்டை போய்த் தண்ணி கொதிக்கவைக்கிற கேத்திலுக்குள்ள பாரும்" என்றுவிட்டு ஓட்டோவில் ஏறினா. கலியாணத்துக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

ரீச்சர் சொன்னபடி ஸ்கூட்டரைத் தள்ளினேன், ஒற்றைச் செருப்போடு. தேவாலய மதிலடியில் வந்தபோது ஓர்கன் கேட்டது. பொம்பிளை உள்ளே போய்விட்டாள். அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

3. கேத்தில்

வீட்டில் கேத்திலுக்குள் பார்த்தேன். அடி முழுக்க வெள்ளைக் காறை. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதில் ஊறிய தண்ணீர் நாவுக்கு இனிக்கும், சூடுபட்டால் கல்லாகும். றேடியேற்றரைக் கழற்றினால் அதே காறை, பாதிக் குழாய்களை அடைத்துக்கொண்டு. சேற்றில் பழி போட்டபோது அடைப்பு வெளியே மட்டும் என்று நினைத்திருந்தேன். உள்ளே அடைத்தது நான்.

காறையைக் கரைத்துக் கழுவி எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்த கூலன்ற் என்ற குளிர்விக்கும் திரவத்தை விட்டேன். இப்போது தொழில் பழக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முள் ஏறினால் ஓரமாக்கி எஞ்சினை நிற்பாட்டு. மூடியைத் தொடாதே, தண்ணீர் ஊற்றாதே, ஆறும்வரை பொறு. றேடியேற்றருக்குக் கூலன்ற் மட்டும், கிணற்றுப் பெருமை வேண்டாம். தகட்டுச் சேற்றைத் தண்ணீரை மெல்ல விட்டுக் கழுவு. ஓயில் குறையவிடாதே.

மீசையையும் எடுத்தேன். என் மனிசி வாசலில் நின்று, "ஆரைத் தேடி வந்தனீங்கள்?" என்று கேட்டா.

ஸ்கூட்டரை எடுக்க வந்த ரீச்சர் என் மேலுதட்டை ஒருக்கால் பார்த்தா. மனிசி கொடுத்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தா.

"அருமையான தண்ணி, மணியம்" என்றா. "இனி மனிசருக்கு மட்டும் விடும்."