விண்வெளி நிலையமும் வாழைக்காய் பஜ்ஜியும்

வாயால பிழைக்கிற வேலையில முதல்ல தேயறது தொண்டை, அப்புறம் மானம். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு, டீச்சரு, கண்டக்டரு, நீங்கல்லாம் நம்மாளுங்க, உங்களுக்குப் புரியும். மாமல்லபுரம் போற ஈசிஆர் ரோட்டுல ஒரு விண்வெளிக் கண்காட்சியில நான் கைடு. மேல சுத்திகிட்டிருக்கிற விண்வெளி நிலையத்துல ஒரு துண்டை அச்சு அசலா ஃபைபர்ல செஞ்சு வெச்சிருக்காங்க. அதுக்குள்ள மைக்கைப் பிடிச்சுகிட்டு நிக்கிறது நான்தான்.

நாலு வருஷமா அந்த நிலையத்தைப் பத்தி மூச்சு விடாம பேசறேன். ஆனா சத்தியமா, வானத்துல நானே அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அது நம்ம ஊர் மேல போற சாயங்காலமெல்லாம் நான் உள்ள நின்னு அதைப் பத்திப் பேசிகிட்டிருப்பேன். இதுல கூட்டம் வேற குறைஞ்சு போச்சு. இனிமே ரெக்கார்டு பண்ண குரல் போதும், நீ வாசல்ல பாப்கார்ன் மெஷினைப் பார்த்துக்கன்னு மேனேஜர் தனசேகர் சார் ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு மைக்கை விட மனசில்லை.

முதல் கேள்வி

ராக்கெட்டு, சூரியத் தகடு எல்லாம் நான் விளக்கி முடிக்கிற வரைக்கும் ஜனங்க தலையாட்டுவாங்க. எல்லார் கண்ணும் மூலையில இருக்கிற கக்கூஸ் மேலயே இருக்கும். காத்தை உறிஞ்சற குழாய், வாக்குவம் கிளீனர் மாதிரின்னு சொல்லுவேன். அந்த சிறுநீரைச் சுத்தம் பண்ணித்தான் மறுபடி குடிக்கிறாங்கன்னதும் கூட்டத்துல பாதி பேர் "உவ்வே"ம்பாங்க.

படூர்ல அபார்ட்மென்ட்ல இருக்கிற ஒருத்தர் மட்டும் மூஞ்சியைச் சுளிக்கவே இல்லை. குழாயெல்லாம் எங்கிருந்து எங்க போகுதுன்னு குனிஞ்சு பார்த்துட்டு, நிதானமா சொன்னாரு: "இதுக்குப் போய் டிக்கெட்டா மேடம்? தண்ணி லாரி வராத வாரம் எங்க பிளாட்டுக்கு வாங்க, சும்மாவே பார்க்கலாம்."

பதினாறு விடியல்

என் கையில இருக்கிற துருப்புச் சீட்டு இதுதான். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை பூமியைச் சுத்தறாங்க, பதினாறு தடவை சூரியன் உதிக்கும்! இதைச் சொல்லிட்டு, கைதட்டலுக்காக ஒரு நிமிஷம் நிறுத்துவேன். முட்டுக்காட்டுல படகு ஓட்டற ஒருத்தர் அப்படியே வாயைப் பொளந்துட்டாரு. "அங்கயே இருந்துடலாம் போலக்கீதே"ன்னு பெண்டாட்டியைப் பார்த்தாரு.

அந்தம்மா அசரவே இல்லை: "இருப்ப, இருப்ப. பதினாறு தபா வாசல் தெளிச்சு கோலம் போடறது யாரு?"

விழுந்துகிட்டே இருக்கிறவங்க

அங்க புவியீர்ப்பே கிடையாதுன்னு ஒரு நாள் அடிச்சு விட்டேன். புதுப்பட்டினத்துல இருந்து வந்த ரிட்டையர்டு இன்ஜினியர் ஒருத்தர் கையைத் தூக்கிட்டாரு. ஈர்ப்பு இருக்கும்மா, அவங்க விழுந்துகிட்டேதான் இருக்காங்க, வேகமா போறதால தரையில வந்து சேரலைன்னு இருபது நிமிஷம் பாடம். அவர் சொன்னதுதான் சரி. அதனாலேயே எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு, தனசேகர் சார் வேற கதவோரம் நின்னு கேட்டுகிட்டிருந்தாரு.

இன்ஜினியரோட வீட்டுக்காரம்மா மெதுவா என் காதுகிட்ட வந்தாங்க: "நீ கூட்டத்தைக் கூட்டிட்டு அடுத்த ரூமுக்குப் போம்மா, இவரு எங்க வீட்ல ஃபேனுக்கே இப்படித்தான் கிளாஸ் எடுப்பாரு."

பீச்சுல நேரடி தரிசனம்

கடைசியா ஒரு யோசனை சொன்னேன். நிஜ நிலையம் நம்ம தலைக்கு மேல போற ஒரு சாயங்காலம் ஜனங்களை பீச்சுல உட்கார வெச்சுக் காட்டலாம். தனசேகர் சார் சம்மதிச்சாரு, ஆனா காட்டலைன்னா பாப்கார்ன்தான்னாரு. நாற்பது பேர் வந்தாங்க. மேகம் துளி இல்லை. மைக்ல நேரம் சொன்னேன், வடமேற்குல வரும்னு சொன்னேன். எல்லாரும் பார்த்தோம், பார்த்தோம், கழுத்து வலிக்கப் பார்த்தோம். சொன்ன நேரம் தாண்டி பத்து நிமிஷம் ஆச்சு. ஒண்ணுத்தையும் காணோம்.

பின்னாடி பஜ்ஜி வண்டி செல்வி அக்கா. கிராக்கிங்க ரோட்டுப் பக்கமிருந்து வர்றதால அவங்க எப்பவும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிப்பாங்க. அவங்கதான் சொன்னாங்க, நட்சத்திரமாட்டம் ஒண்ணு, மினுக்காம, சத்தமில்லாம, ரோட்டுப் பக்கமிருந்து ஏறி எங்க தலைக்கு மேல வந்து அணைஞ்சு போச்சாம். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பீச்சுன்னா நாற்காலி கடலைப் பார்த்துத்தானே போடுவோம்? அந்தப் பழக்கத்துல நான்தான் போட்டிருக்கேன். மைக்ல வடமேற்கு, உட்கார்ந்தது கிழக்கு! நானும் அவங்களோட கடலையே பார்த்துகிட்டு நின்னிருக்கேன். ஏங்க்கா ஒரு குரல் குடுக்கலைன்னு அழாக்குறையா கேட்டேன். "எண்ணெ காஞ்சிகினு இருந்துச்சு. பட்சவங்க, கடல்ல வேற இன்னாத்தையோ பாக்குறீங்கன்னு வுட்டுட்டேன்"னாங்க.

நாற்பது பேரும் எழுந்து வண்டியைச் சுத்திகிட்டாங்க. எவ்ளோ பெருசு, என்ன கலருன்னு ஒரே கேள்வி. அக்கா கரண்டியைத் தூக்கி அது போன வழியைக் காட்டிக் காட்டிச் சொன்னாங்க. நாலு வருஷத்துல அப்படி ஒரு கூட்டம் என் வாயைப் பார்த்ததில்லை. தனசேகர் சார் கையில பஜ்ஜியோட எங்கிட்ட வந்தாரு: "அடுத்த வாட்டி மைக்கை அந்தம்மாகிட்ட குடும்மா, நீ வாழைக்காய் சீவு."

அடுத்த வாட்டி மைக் செல்வி அக்கா கையில, சீவற கட்டை என் கையில, ரோட்டைப் பார்த்து நின்னு வாழைக்காய் சீவிகிட்டே நாலு வருஷமா பேசின அந்த நிலையத்தை முதல் முறையா என் கண்ணால பார்த்துட்டேன்.