பேர் மட்டும் மாற்றிய பாராட்டு

ஹாலிஃபாக்ஸ் ஊர்க் கம்பளி ஆலை ஒன்றில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவள் மேவிஸ். யார் ஓய்வு பெற்றாலும் மேலாளர் வாசிக்கும் பாராட்டுரையை அவள்தான் எழுதித் தருவாள். "கேட்டதற்கு மேல் ஒரு மைல் நடந்தவர்", அதாவது கடமைக்கு மேலும் செய்தவர், என்ற வரி எல்லாருக்கும் உண்டு. வேலை நேரத்தில் தூங்கி வழிந்தவர்களுக்கும் உண்டு.

அவளே ஓய்வு பெற்ற அன்று, மேலாளர் பழைய தாள் ஒன்றில் பேரை மட்டும் மாற்றி வாசித்தார். அந்த வரி வந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

"நிறுத்துங்க சார். அது நான் எழுதினது. நான் எப்போ நடந்தேன்? ஒரு நாளைச் சொல்லுங்க பாப்போம்!"

மேலாளர் தாளைத் திருப்பிப் பார்த்தார். கொதிகலன் பார்க்கும் கிளிஃபோர்ட் பின்வரிசையில் எழுந்தார்.

"நான் சொல்றேன். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, பதினோரு நாள் என் பந்தயப் புறாவுக்கெல்லாம் தீனி வச்சது யாரு? உனக்குப் புறா வாடையே ஆகாதே, மேவிஸ்!"

எல்லாரும் சிரித்தார்கள். மேவிஸ் சிரிக்கவில்லை. மேலாளர் கையிலிருந்த தாளை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினாள்: 'பதினோரு நாள் புறாவுக்குத் தீனி வைத்தவர்.'

"இப்ப வாசிங்க" என்றாள்.