லோரி என்று சொன்னவளின் தோட்டத்துக்கு

என் மனைவி கனகம் இறந்து பத்து மாதம் கழித்து, சென்ற மாசியில் மலாக்காப் பக்கம் நியாலாஸ் போனேன். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி அனுப்பிய சமயம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கனகம் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். நான் பாளையங்கோட்டையில் படித்து, சிங்கப்பூரில் குமாஸ்தாவாக இருப்பவன். போன காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவள் லாரியை 'லோரி' என்பாள். டாக்டரை 'டாக்குத்தரு' என்பாள், தோட்டத்துக் காலைப் பெரேடை 'பெரட்டு' என்பாள். அவள் சொன்ன விதம் எனக்கு மறந்துகொண்டே வந்தது. அவளோடு பிறந்தவர்கள் வாயால் அதை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

சிங்கப்பூரில் மாலை ஐந்து மணிக்குக் கப்பல். மேல்தளத்தில் பாய் விரித்துக்கொள்ள மூன்று வெள்ளி. பாய் உங்களுடையது, மறந்துவிடாதீர்கள். பக்கத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணியார். "ரிக்கற் எவ்வளவு குடுத்தனீர்?" என்றார். டிக்கெட்டைத்தான் அப்படிக் கேட்டார். கப்பல் இஞ்சினியர் ஸ்காட்லாந்துக்காரர். அவர் 'வாட்டர்' என்றால் கடைசி ரகரம் படியிறங்குகிற தகர டப்பா மாதிரி உருளும். எங்கள் ஆபீஸில் இருக்கும் லண்டன் துரையோ அந்த ரகரத்தை விழுங்கியே விடுவார். இங்கிலீஷுக்குச் சொந்தக்காரர்களே ஊருக்கு ஊர் ஒரு விதமாகப் பேசுகிறார்கள். கடன் வாங்கிய நான் மட்டும் இத்தனை வருஷம் பிரம்பைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

காலை ஆறரைக்கு மலாக்கா. கப்பல் கரைக்கு வராது. சம்பான் படகில் கரை இறங்க இருபது காசு. ஜாசினுக்குப் பதினேழு மைல், பஸ்ஸுக்கு முப்பது காசு. சீட்டு கொடுத்த, மலாக்காவிலேயே பிறந்த சீனரான பாபா 'டிக்கெ' என்றதோடு நிறுத்திக்கொண்டார். ஜாசினில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, நாலு பேரோடு வாடகைக் காரில் ஏறினேன். ஆளுக்கு அரை வெள்ளி. ஓட்டியவர் தஞ்சாவூர்க்காரர்.

"யாரைப் பாக்கப் போறீங்க அண்ணே?"

"பெண்சாதி வீட்டுக்கு."

"அவுங்க வரலியா?"

"இல்லை," என்றேன். இரண்டு பக்கமும் ரப்பர்தான்; பால்மரம், பால்மரம், பால்மரம். காரில் இத்தனை பேர் இருந்தும் எனக்குத் தனியாகப் போவதுபோல்தான் இருந்தது.

கார் பெரிய ரோட்டிலேயே இறக்கிவிட, உள்ளே நடந்தேன். தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் கனகத்தின் அண்ணன் முத்தையாவும் அவர் மனைவி செல்லம்மாவும் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார்கள். கோழி அடித்துச் சமைத்தார்கள். உபசாரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பேச்சு மட்டும் ஓடவில்லை.

"வாங்க மாப்ள. ரோட்டுல... லா... லாரி எதுவும் கிடைக்கலியா, நடந்தா வந்தீங்க?" என்றார் முத்தையா. 'லாரி' என்பதை முட்டையை வைப்பதுபோல் மெல்ல வைத்தார். செல்லம்மாவும் அப்படியே. 'டாக்டர்', 'ஸ்டோர்', 'ஸ்கூல்' எல்லாம் பாளையங்கோட்டை வாத்தியார் கேட்டால் மார்க் போடுவார். எனக்கு எரிச்சல் வந்தது. கடல் தாண்டி இதைக் கேட்கவா வந்தேன்?

மறுநாள் மத்தியானம் செல்லம்மாவிடம் கேட்டேவிட்டேன். "நீங்க எப்பவும் இப்படித்தான் பேசுவீங்களா?"

அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "தப்பாச் சொல்லிட்டமாண்ணே? கனகம் கடைசியா வந்தப்ப எங்கள உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்துட்டுப் போனா. அவுக வந்தா இங்கிலீசைப் பாத்துப் பேசுங்க, தப்பாப் பேசுனா அவுகளுக்குக் கோவம் வந்துரும்னா. ராத்திரி விளக்கு வச்சு எல்லாரும் சொல்லிப் பாப்போம். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு."

கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே கனகம் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் விழுந்தால் போதும், உடனே திருத்துவேன். மூன்று வருஷத்தில் அந்தச் சொற்கள் நின்றுபோயின. பிறகு பேச்சே குறைந்தது. திருந்திவிட்டாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன், மடையன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மூச்சு முட்டியபோது "டாக்..." என்று தொடங்கினாள். என்னைப் பார்த்தாள். அப்படியே நிறுத்திவிட்டு, கதவைக் கையால் காட்டினாள். அன்றைக்கு அது களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆபீஸ் மணி அடித்தது. தோட்டத்து ஜனம் முழுவதும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் நேரம். முத்தையா தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாப்ள, நான்... பெ... பெரேடுக்குப் போகணும். நீங்க எட்டு மணிக்குக் கிளம்பினாப் போதும்."

"மச்சான்," என்றேன். "பெரட்டுக்கு நேரமாச்சு. போயிட்டு வாங்க. நான் பொறவு ஒரு லோரி பாத்துப் போயிக்கிறேன்."

அவர் என்னையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. பிறகு லயத்தின் மறுகோடி வரை கேட்கிற மாதிரி கத்தினார்: "ஏ செல்லம்மா! பெரட்டு மணி அடிச்சாச்சு, மாப்ள லோரியில போறாகளாம், அந்த இஸ்டோரு லோரிய நிக்கச் சொல்லு!"

கடைசி எழுத்தை இழுத்து, சட்டென்று விட்டுவிடுகிற அதே விதம். கனகமேதான். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜாசினிலிருந்து மலாக்காவுக்குக் கடைசி பஸ் நாலரைக்கு. மாசியில் மழை குறைவு. ஆனாலும் குடை வேண்டும். தோட்டத்தில் காலில் ஏறும் அட்டைக்குப் புகையிலை கொண்டுபோங்கள். யார் என்ன சொன்னாலும், எப்படிச் சொன்னாலும், திருத்தாதீர்கள்.

இப்போது சிங்கப்பூர் வீட்டு ஜன்னலில் நின்று, தெருவில் எது போனாலும் "லோரி போகுது, கனகம்" என்று உரக்கச் சொல்கிறேன். சரியாகத்தான் சொல்கிறேன் என்று நினைக்கிறேன். தப்பென்றால் திருத்த அவள் இல்லை.