பெயர் வேறாக வந்த பணம்

என் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். பிழையும் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படித்தேன். எந்த ‘ள’ எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். நடந்ததை வாயால் சொல்லிப் பார்த்தேன். பேங்கில் சொன்னேன், போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னேன். எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்த்தாலே எனக்குப் பாதி மறந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஓசூரில் நாங்கள் இருந்தது லீஸ் வீடு. மாத வாடகை கிடையாது. மூன்று லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துக் குடிபோனோம். காலி செய்யும்போது அது அப்படியே திரும்பி வரும். தெருமுனையில் திரும்பினால் மகள் படிக்கிற பள்ளிக்கூடம். அவள் இந்த வருஷம் பிளஸ் டூ. பரீட்சை முடியும்வரை அந்த வீட்டில் இருந்துவிட வேண்டும். எனக்கும் என் மனைவிக்கும் வேறு ஆசை இல்லை.

ஆனி மாதத்தில் வீட்டுக்காரர் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழ். லீஸை நீட்டிக்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டு லட்சம் என்றார். என் முகத்தைப் பார்த்து, “ஆடியில யாரும் வூடு மாத்த மாட்டாங்க. ஆவணியில பதில் சொல்லுப்பா” என்றார். நல்ல மனுஷர்தான்.

என் மனைவியின் தம்பி ஆப்பிரிக்காவில் ஒரு சரக்குக் கம்பெனியில் இருக்கிறான். அந்த நாட்டு பேங்கில் டாலர் சுலபமாகக் கிடைக்காதாம். அதனால் கம்பெனி பாதிச் சம்பளத்தை, போனில் மட்டும் இருக்கிற கிரிப்டோ காயினாகப் போடுகிறது. ஒரு காயின் ஒரு டாலர் மதிப்பு. அக்கா அழுததைக் கேட்டு, சேர்த்து வைத்திருந்ததை என் போனுக்கு அனுப்பிவிட்டான். “மாமா, ரெண்டு லட்சத்துக்கு மேலயே வரும். வித்து எடுத்துக்கோங்க. மெதுவாக் குடுங்க” என்றான். திரையில் தொகை தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு டீ குடிக்க முடியாது என்பது பிறகுதான் புரிந்தது.

வீட்டுக்காரரிடம் போனைக் காட்டி, பணம் வந்துவிட்டது, மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “எம் போன்ல முதலமைச்சர்கூடத்தான் இருக்காரு. எறங்கி வந்து எங்க வூட்ல காபி குடிக்கிறாரா?” என்றார். அவர் மனைவி உள்ளே சிரித்தது கேட்டது. நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் ஒருவனுக்கு இந்தக் காயின் விஷயம் தெரியும். கிருஷ்ணகிரிக்காரன். என் வயதுதான், ஆனாலும் என்னை அண்ணா என்பான். கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் வைத்து எனக்கு ஆப்பைக் காட்டினான். வாங்குகிறவர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவனும் ஒரு விலை போட்டிருந்தான். பேங்க் மூலமா, யூபிஐயா, நேரில் ரொக்கமா, எப்படித் தருவான் என்பதும் பக்கத்திலேயே இருந்தது.

“ரொக்கமே பாரு” என்றேன்.

“கையில எச்சி தொட்டு எண்ணுனாத்தான் உனக்குக் காசு” என்று சிரித்தான். ஆனாலும் ஒரு ஆளைப் பிடித்தான். அந்த ஆள் குந்தாரப்பள்ளிக்கு, மாட்டுச் சந்தை நாளில் வரச் சொன்னார். அங்கே கட்டுப் பணத்தோடு நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மாடு வாங்க வந்தவன் என்று நினைப்பார்கள் என்பது அவர் கணக்கு.

போனோம். வெயிலும் சாணி வாடையும். தோளில் துண்டோடு வந்தவர் பாகலூருக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துக்காரர். கன்னடம் பாதி, தமிழ் பாதி. வந்ததும் என் கையைத் துண்டுக்குள் இழுத்து விரல்களை அமுக்கினார். மாட்டுத் தரகர்கள் அப்படித்தான் விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது என்று. எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். தலையை ஆட்டினேன்.

ஃபோர்க்லிஃப்ட்காரன் என்னை இடித்தான். “என்னாத்துக்கு ஆட்டுற? என்னா வெலைன்னு சொன்னாரு?”

“தெரியலப்பா.”

அவர் வாய்விட்டுச் சொன்னார். ஆப்பில் இருந்ததைவிட மிகவும் குறைச்சல். சரி, போகட்டும் என்று பார்த்தால், “மொதல்ல காயின் களுசு. ஆமேலே காசு எண்ணிக்கோ” என்றார். காயினை முதலில் அனுப்ப வேண்டுமாம். காசை எண்ணிவிட்டு அனுப்புகிறேன் என்றேன். “நீ அனுப்பலன்னா நான் யார்ன கேக்கறது?” என்றார். அவர் கேட்டதும் நியாயம், நான் கேட்டதும் நியாயம். பக்கத்தில் ஒரு கறவை மாடு கைமாறியது. வாங்கினவர் பணத்தைத் தரகரிடம் கொடுத்தார், விற்றவர் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். ஃபோர்க்லிஃப்ட்காரன் அதைப் பார்த்துக்கொண்டே, “இதுல புடிக்கக் கயிறே இல்லியேண்ணா” என்றான். வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

பிறகு பேங்க் மூலமே விற்பது என்று முடிவானது. ஆப்பே நடுவில் நிற்கும், பணம் வந்துவிட்டது என்று நான் அமுக்கினால்தான் காயின் போகும், பயமில்லை என்றான். பேங்க் கணக்கு கேட்டது. என்னிடம் இருந்தது ஒரே கணக்கு, சம்பளம் விழுகிற கணக்கு. அதையே கொடுத்தேன்.

ஆவணி பிறந்த முதல் வாரம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் சத்தம் போட்டது. முழுப் பணமும் வந்திருந்தது. ஆனால் அனுப்பியவர் பெயர் வேறு. ஆப்பில் இருந்தது ஒரு ஆண் பெயர், பணம் வந்தது ஏதோ கடைப் பெயரில். பெயர் மாறினால் வாங்கக் கூடாது என்று ஆப்பில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறதாம். எனக்கு அது தெரியாது. ஆனாலும் கேட்டேன். பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று ஃபோர்க்லிஃப்ட்காரனை ஆப்பில் எழுதிக் கேட்கச் சொன்னேன். அண்ணன் கடைக் கணக்கு என்று பதில் வந்தது.

அதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கம்பெனியில் எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான். ஒருவன் போனில் சார்ஜ் இருக்காது, இன்னொருவன் கணக்கில் காசு இருக்காது. என் சீட்டுப் பணத்தை எத்தனையோ மாதம் அடுத்த மெஷின்காரன் அனுப்பியிருக்கிறான். அவன் வீட்டுக்கு நான் அனுப்பியிருக்கிறேன். யார் பெயரில் போனால் என்ன, பணம் போய்ச் சேர வேண்டும். வந்துவிட்டது என்று அமுக்கினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் என் மனைவி கேசரி கிண்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை வீட்டுக்காரருக்குக் கொடுக்கப் பணம் எடுக்கப் போனேன். மெஷின் கார்டைத் துப்பியது. பேங்குக்குள் போனேன். கவுண்டரில் இருந்த மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “சார், உங்க அக்கவுண்ட் ஹோல்ட்ல இருக்கு” என்றார்.

எனக்கு அந்த வார்த்தை தெரியும். நான் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை செய்கிறவன். அளவு தப்பிய பீஸில் ஹோல்ட் என்று சிவப்புச் சீட்டு கட்டித் தனியே வைப்போம். ஷிஃப்ட் முடிவதற்குள் குவாலிட்டி ஆள் வந்து பார்த்தே ஆக வேண்டும். ஒன்று சரி செய்வார்கள், இல்லையென்றால் கழித்துப் போடுவார்கள். அதனால் நான் பயப்படவில்லை.

“எப்ப வந்து பாப்பாங்க மேடம்?” என்று கேட்டேன்.

“யாரு வந்து பாக்கணும்?” என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது.

மேனேஜர்தான் உட்காரவைத்து விளக்கினார். வடக்கே ஒரு மாநிலத்தில் வயதான ஒரு அம்மாவைப் போனில் மிரட்டி, அவர் வைத்திருந்த பணத்தை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். அது பல கணக்கு தாண்டி அந்தக் கடைப் பெயருக்குப் போய், அங்கிருந்து என் கணக்குக்கு வந்திருக்கிறது. அந்த ஊர் சைபர் போலீஸ் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள். பணம் உள்ளே வரும், வெளியே போகாது. முழுக் கணக்குக்கும் அப்படித்தான்.

“சம்பளமும் அதுலதாங்க விழும்” என்றேன்.

“விழும். எடுக்க முடியாது” என்றார்.

ஓசூர் ஸ்டேஷனில், இது எங்கள் கேஸ் இல்லை, அங்கேதான் போக வேண்டும் என்றார்கள். அங்கே போன் செய்தால் இந்தி. ஃபோர்க்லிஃப்ட்காரனுக்கு வடநாட்டுப் பையன்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் வரும். அவன் பேசிவிட்டு, “நேர்ல வரச் சொல்றான்ணா. எதுக்கு வித்த, யாருகிட்ட வித்த, எல்லாத்துக்கும் பேப்பர் கொண்டாங்கிறான்” என்றான். ரயில் ஏறி அவ்வளவு தூரம் போய், பாஷை தெரியாத இடத்தில், போலீஸ் முன்னால் நான் என்ன பேசுவேன்? இங்கே பேங்க் மேடத்திடமே பேச்சு வரவில்லை.

அந்த அம்மாவைப் பற்றி அடிக்கடி நினைத்தேன். அவருக்கும் அந்தப் பணத்துக்கு ஒரு வேலை இருந்திருக்கும். ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட்காரனிடம், அந்தப் பணம் அவருக்கே போகட்டும், என் சம்பளத்தை மட்டும் விட்டால் போதும் என்று அந்த ஊர் போலீஸுக்கு எழுதி அனுப்பச் சொன்னேன்.

“புத்தி கெட்டுப் போச்சாண்ணா உனக்கு? காயினும் போச்சு, காசும் வாணாங்கிற.”

“அது நம்ம காசு இல்லப்பா.”

“அப்ப உம் மச்சான் அனுப்பிச்சது?”

நீ எழுது என்றேன். மெயில் அனுப்பினான். பதில் வரவில்லை.

மச்சான் போன் செய்தான். “மாமா, கோச்சுக்காதீங்க. நெசமாவே வித்தீங்களா, இல்ல வேற எதுலயாவது போட்டுட்டீங்களா?” என்றான். நான் வார்த்தை தேடுவதற்குள் என் மனைவி போனைப் பிடுங்கி, “உங்க மாமா அந்த மாதிரி ஆளாடா?” என்று கத்தினாள். வைத்துவிட்டான். தீபாவளிக்குக்கூட அக்காவைக் கூப்பிடவில்லை.

புரட்டாசியில் வீடு மாறக் கூடாது என்று, ஆவணி முடிவதற்குள் காலி செய்தோம். வீட்டுக்காரர் மூன்று லட்சத்தை எண்ணிக் கொடுத்தார். அது போதுமான இடம் பாகலூர் தாண்டித்தான் கிடைத்தது. ஒரே அறை. மகளுக்குப் பள்ளிக்கூடம் போக இரண்டு பஸ். பிதுங்குகிற கூட்டத்தில் நின்றுகொண்டே போய், இருட்டிய பிறகு வருவாள். சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தீபாவளி போனஸ் வரவு வைக்கப்பட்டதாகப் பழைய கணக்கிலிருந்து மெசேஜ் வந்தது. வேறு பேங்கில் புதுக் கணக்கு தொடங்கிக் கொடுத்தும், கம்பெனியில் அதை இன்னும் ஏற்றவில்லை.

முந்தாநாள் பேங்குக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், “இன்னும் ஒண்ணும் வரல சார்” என்றார் மேடம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ராத்திரி மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழைய தெருவில் அவளோடு படிக்கிற பெண் வீட்டில் பரீட்சை வரைக்கும் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவர்களிடம் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். மறுநாள் என் மனைவி போய்க் கேட்டுவிட்டு வந்தாள். சரி என்றார்களாம்.

இன்று காலையில் பையும் பாயும் எடுத்துக்கொண்டு போனாள். பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். “அடுத்த ஞாயித்துக்கெழம வந்துடுவேம்ப்பா” என்றாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் இருக்காது.

ஐப்பசி 9, ஞாயிறு. 26.10.2025